அபிநயாவுக்கு யாரைக் கட்டறது

இல்லக்கா, நீங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். அந்த தனசேகரனா? அபிநயாவுக்கா? காரு இருக்குது, மில்லு இருக்குது, பங்களா இருக்குது, எல்லாம் சரி. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி இன்னா பண்ணான்? அவ சித்திக்கு பட்டுப் பொடவ. தாத்தா கால்ல வுழுந்து கும்புடறான். தரகருக்கு ஒரு கவரு. வாசல்ல கட்டியிருந்த நாயிக்குக் கூட பிஸ்கெட்டு. அபிநயாகிட்ட ஒரு வார்த்த? ம்ஹூம். அது பாட்டுக்கு தூணாண்ட நின்னுக்கினு இருக்குது. வூடு வாங்க வரவன் கூட கதவு ஜன்னல்ல கைய வெச்சிப் பாப்பான்கா. இவன் அது கூட பாக்கல.

குந்துங்க, நல்லா சாஞ்சி குந்துங்க. ஃபேன் காத்து வருதா? அண்ணனும் அண்ணியும் காந்தி ரோடு வரைக்கும் போயிருக்காங்க, வந்துடுவாங்க. முத்துக்குமார் அம்மா நீங்க வரீங்களேன்னு காலைலேருந்து ரெண்டு பேரும் ஆலாப் பறந்துக்கினு இருந்தாங்க. சங்கீதா ஆபீசுக்குப் போயிட்டா. நீங்க வரது அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா போயிருக்க மாட்டா. பொண்ணு பாத்துட்டு, புடிச்சிருக்குதுன்னு வாய் நெறைய சொல்லிட்டு உங்க ஊரு கூரத்துக்குப் போனீங்க. அப்பால ஒரு தகவலும் இல்ல. அந்தப் பொண்ணு போனையே பாத்துக்கினு கெடக்குது. உங்கள கொற சொல்லலக்கா. பையனப் பெத்தவங்க நாலு எடத்துல விசாரிக்கத்தான் செய்வாங்க. நான் அதுக்கு அத்தை, எனக்கு மனசு அடிச்சிக்குது, அதான் வாய் வுட்டு சொல்லிட்டேன்.

நீங்களும் ஏழர மணி நாடகம் வுடாம பாப்பீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு உசுரே வந்துச்சு. இல்லன்னா ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கினு குந்தியிருக்கணும். இப்பவும் நீங்க என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருக்கீங்க. இன்னாக்கா, பொட்டு நவுந்துடுச்சா? இல்லயா? சரி சரி.

பாக்கறேன்னு சொல்றேனே தவிர, நான் அந்த நாடகத்த பாத்தது கம்மி. கேட்டதுதான். இதோ இருக்குதே தறி, இதுல அண்ணன் குந்தினா அவனுக்கு நேரா டிவி. நான் குந்தற எடம் இந்த ஓரம். எனக்கு டிவி முதுகுப் பக்கம். உங்க வூட்டுல தறி இல்ல, உங்களுக்குத் தெரியாது. கோர்வை சேலைன்னா ஒடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. ரெண்டையும் நெய்யறப்பவே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினே வரணும். ஒத்த ஆளால ஆவாது. அண்ணன் பள்ளத்துல காலத் தொங்க வுட்டுக்கினு ஒடம்பு நெய்வான். நான் இந்தப் பக்கம் கரைக்கு நாடா தள்ளணும், நாடான்னா ஊடால நூலக் கொண்டு போற கட்ட. அவன் ஒரு தள்ளு, நான் ஒரு தள்ளு. நான் எந்திரிச்சி போனா தறி நின்னுடும். தண்ணி குடிக்கப் போனாலும் நின்னுடும். அப்பா இருந்தப்போ அப்பாவுக்குத் தள்ளினேன், அப்பால அண்ணனுக்கு. அதனால எனக்கு எல்லாரையும் கொரலுதான் தெரியும்.

அந்த குமரகுரு இருக்கானே, இன்ஸ்பெக்டரு, பொண்டாட்டி செத்துப் போயி ஒரு கொழந்தய வெச்சிக்கினு இருக்கறவன். ரொம்ப நாளு அவன அபிநயாவோட பெரியப்பான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவ்ளோ கட்டக் கொரலு. பெரியப்பா ஏன் இந்தப் பொண்ணப் பாத்து இப்படி பெருமூச்சு வுடறாருன்னு எனக்கு ஒரே அருவருப்பு. அப்பால ஒரு நாளு பஸ்ஸு பின்னாடி படத்த ஒட்டியிருந்தாங்க. பேரு போட்டு, மீசைய முறுக்கிக்கினு, சின்ன வயசு ஆளு. சிரிச்சிட்டேன் ரோட்டுலயே. சிரிங்க, நீங்களும் சிரிங்க. 

எங்க அண்ணிக்கு குமரகுருதான் புடிக்கும். பாவம், தாயில்லாத கொழந்தயோட கஷ்டப்படறான்னு மூக்க உறிஞ்சுவாங்க. இன்னா கஷ்டம்? அவனுக்கு வேண்டியது பொண்டாட்டி இல்லக்கா. கொழந்தைக்கு தலை பின்ன, டிபன் கட்ட, அவன் யூனிஃபார்ம தேய்க்க ஒரு ஆளு. நீ வந்தா இந்த வூட்டுல வெளக்கு எரியும்னு சொல்றான் அபிநயாகிட்ட. சுவிட்ச போடுடா, எரியும். ஆனா அந்தக் கொரலு நல்ல கொரலுதான். சில நாளு அவன் பேசறப்போ நாடா கொஞ்சம் மெதுவாப் போவும். அண்ணன் ம்ம்னு ஒரு அதட்டு அதட்டுவான். 

கலைவாணனா? அய்யய்யோ, அவன் பேர எடுக்காதீங்க. பாட்டு வாத்தியாரு. உனக்காக செத்துடுவேன் அபிநயா, உனக்காக செத்துடுவேன். எத்தினி தடவ! ஏன்டா சாவற, நேரா வூட்டுக்கு வந்து பொண்ணு கேளேன்! அந்த சித்தி ஒரு நாளு அவன்கிட்ட போயி, அவளுக்கு வேற ஆளோட பழக்கம்னு சொன்னா பாருங்க. இவன் இன்னா பண்ணான்? நம்பிட்டான். மழைல நனஞ்சிக்கினு பாட்டு பாடினான். ஒரு வாரம் பாடினான்கா, வெள்ளிக்கெழம வரைக்கும். அபிநயா வூடு ரெண்டாவது தெரு. நடந்து போயி, இந்த மாதிரி சொல்றாங்களே, நெசமான்னு கேட்டா முடிஞ்சிது. கால்ல சுளுக்கா இவனுக்கு? அன்னிக்கி எனக்கு வந்த கோவத்துல கரை நூலு ரெண்டு அறுந்துடுச்சு.

ஆனா எங்க அண்ணனுக்கு கலைவாணன்னா உசுரு. வீரபாகுன்னு பேரு வெச்சாங்களே தவிர, நாடகம் பாத்தா கொழந்த மாதிரி அழுவும். உண்மையா லவ் பண்றவன் அவன்தான், காசு பணமாடி முக்கியம்னு அண்ணிகூட சண்ட. அண்ணி குமரகுருன்னு நிக்கும். சங்கீதா தனசேகரன்னு சொல்லும், அவன் கூலிங் கிளாஸுக்காக. மூணு பேரும் சாப்பாட்டுத் தட்ட வெச்சிக்கினு கத்துவாங்க. ஒரு பொண்ண யாருக்குக் கட்டிக் குடுக்கறதுன்னு இந்த வூட்டுல நடந்த பேச்சு வார்த்த வேற எந்த வூட்டுலயும் நடந்திருக்காது.

அபிநயா கல்யாணம் காட்டினாங்களே போன மாசம், ஒரு வாரம் ஓட்டினாங்களே. நீங்க பாத்தீங்களா? பாத்திருப்பீங்க. அதுக்கு இந்த வூட்டுல பாயசம்கா. சத்தியமா. சேமியா பாயசம். அண்ணி முந்திரி வறுத்துப் போட்டு வெச்சது. பக்கத்து வூட்டு துர்கா வந்து குந்திக்கினா, எதிர் வூட்டுலேருந்து வந்தாங்க. மறு நாளு சேலய குடுக்கணும், அதனால அண்ணன் தறியிலதான் இருந்தான், நானும்தான். தனசேகரன் தாலிய எடுத்து கிட்ட கொண்டாறான், அப்போ சித்தி மயக்கம் போட்டு வுழுந்து எல்லாத்தையும் நிறுத்திட்டா. நடிப்புதான்கா, வேணும்னே. அபிநயா ஓன்னு அழுவறா. எங்க அண்ணன் நெய்யறத நிறுத்திட்டான். கண்ணுல தண்ணி. தோள்ல இருந்த துண்ட எடுத்து தொடச்சிக்கினு சொல்றான், மனசாட்சி இல்லாதவங்கடா, ஒரு வயசுப் பொண்ண எத்தினி வருஷம் இப்படி வூட்டுலயே வெச்சிருப்பாங்க, அந்தப் பாவம் சும்மா வுடுமான்றான்.

நான் நாடாவ கையில புடிச்சிக்கினு, இவன் எப்ப கண்ணத் தொடச்சி முடிப்பான்னு காத்துக்கினு இருந்தேன். துர்கா என்னப் பாத்தா. நான் தலையக் குனிஞ்சிக்கினேன். அவன் பாக்கலக்கா. அவன் கண்ணு டிவிலயே இருந்துச்சு. நான் அவனுக்கு ஒரு மொழம் பக்கத்துல குந்தியிருக்கேன், கைய நீட்டினா தொடலாம். இந்தப் பக்கம் திரும்பணும்னு அவனுக்குத் தோணல. பாயசம் குடுத்தாங்க, குடிச்சேன். இனிப்பு கம்மின்னு சொன்னேன். வேற இன்னாத்த சொல்றது?

எனக்கா? நாப்பத்தி ரெண்டு. ஏன் கல்யாணம் ஆவலன்னு கேக்கறீங்களா. கேளுங்க, கேக்கலாம், தப்பில்ல. எல்லாரும் கேக்க நெனச்சிட்டு வேற எதுனா பேசிட்டுப் போயிடுவாங்க.

ஆவாம போயிடுச்சு. ஒரு எடம் வந்துச்சு, நல்ல எடம். முசரவாக்கத்துல. உங்களுக்கும் அங்க சொந்தக்காரங்க இருக்காங்க இல்ல, தெரிஞ்சிருக்கும். சிவராஜ்னு பேரு, கரண்ட் ஆபீசுல வேலை. அப்பா தவறி வருஷம் திரும்பியிருக்கல, எனக்கு இருவத்தி ஒண்ணு. பொண்ணு பாக்க வந்தாங்க. இதே எடத்துலதான் குந்தினாரு. எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க, அவரு தறியப் பாத்துட்டு, இதுல நீங்க எந்தப் பக்கம் குந்துவீங்கன்னு என்ன கேட்டாரு. நேரா என்னத்தான் கேட்டாரு. இந்தப் பக்கம்னு காட்டினேன். கை வலிக்காதான்னாரு. பழகிடுச்சுன்னேன். அவ்ளோதான் நாங்க பேசினது. வேற ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அவங்க அம்மா போறப்போ என் தாடையத் தடவிட்டுப் போனாங்க. 

நாலு நாளு கழிச்சி அண்ணன் முசரவாக்கம் போயிட்டு வந்தான். சட்டைய கழட்டி மாட்டிக்கினே சொன்னான், அவங்களுக்கு கலரு பத்தலயாம், பையன் செவப்பா பொண்ணு வேணும்ன்றானாம், வுட்டுத் தள்ளுன்னு. அண்ணி எனக்கு ஆறுதல் சொன்னாங்க. இந்தக் கருப்புக்கு இன்னா கொறச்சல்னு கட்டிப் புடிச்சிக்கினாங்க. 

அப்பால ரெண்டு மூணு எடம் வந்துச்சு. காபி குடிச்சதோட சரி. ஒவ்வொரு தடவயும் அண்ணன் போயிட்டு வருவான், சட்டைய கழட்டுவான், கலருன்னுவான். நான் பூசாத களிம்பு இல்லக்கா. பயத்த மாவு, கஸ்தூரி மஞ்சளு, டிவில காட்டறது, கடைக்காரன் குடுக்கறது. ஒண்ணு பூசி மூஞ்சி வெந்து போயி, ஒரு வாரம் முந்தானையால மூடிக்கினு தறியில குந்தினேன். பொறவு கண்ணாடிய பாக்கறதே வுட்டுட்டேன். பொட்டு கூட குத்துமதிப்பாத்தான் வெச்சிக்கிறது. அதான் உங்கள மொதல்ல கேட்டேன், நவுந்துடுச்சான்னு. முப்பதுக்கு மேல யாரும் வரல. நானும் சங்கீதாவ வளக்கறதுலயே எறங்கிட்டேன். அண்ணி பெத்துப் போட்டதுதான், பள்ளிக்கூடத்துக்கு தலை பின்னி அனுப்பினது நானு. அதுக்கு மொத தடவ தூரம் வந்தப்போ என்கிட்டதான் ஓடி வந்துச்சு. 

சிவராஜ அப்பால ஒரு தடவ பாத்தேன். வைகாசில பெருமாளுக்கு கருட சேவ. எங்க தெருவே கெளம்பிப் போவும். கங்கைகொண்டான் மண்டபத்தாண்ட சரியான கூட்டம், சரியான வெயிலு. நான் காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தலைய சுத்துற மாதிரி இருந்துச்சு, ஒரு கடைப் படில குந்திட்டேன். நிமுந்து பாத்தா எதிர்ல அவரு நிக்கறாரு. பொண்டாட்டி, தோள்ல கொழந்த. என்னப் பாத்ததும் அவரு மூஞ்சி மாறிடுச்சு. கொழந்தய தூக்கிக்கினு ரெண்டடி பின்னால போனாரு. பொண்டாட்டி காதுல இன்னாவோ சொன்னாரு. அந்தம்மா நல்லவங்க. ஓடி வந்தாங்க, இடுப்புல சொருகியிருந்த சாவிக் கொத்த எடுத்து என் கையில வெச்சி, என் வெரல இறுக்கி மூடிட்டாங்க. புடிச்சிக்கோமா, கெட்டியா புடிச்சிக்கோ, ஒண்ணும் ஆவாதுன்னாங்க. 

எனக்கு ஒண்ணும் புரியல. பெருமாள் வரதுக்குள்ள எங்கியாவது போயிட்டு வரணும், சாவி தொலஞ்சிடும்னு என்கிட்ட குடுக்கறாங்கன்னு நெனச்சேன். அவ்ளோ பைத்தியக்காரி நானு. புடிச்சிக்கினு குந்தியிருந்தேன். பெரிய சாவி ஒண்ணு, வாசக் கதவு சாவி போல இருக்குது, பீரோ சாவி ரெண்டு. எனக்கு சொல்ல வெக்கமா இருக்குது, இருந்தாலும் சொல்றேன். அந்த வூட்டு சாவிய கையில வெச்சிக்கினு எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சுக்கா. இந்தக் கதவ தெறந்தா உள்ள எப்படி இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல தலை சுத்து நின்னுடுச்சு. சாவிய திருப்பிக் குடுத்தேன். அந்தம்மா என்னப் பாத்த பார்வ, அய்யோ பாவமேன்னு ஒரு பார்வ. அவரு கடைசி வரைக்கும் கிட்ட வரல. கருப்புன்னு வேணாம்னுட்டு, இப்ப கிட்ட வரக் கூட அருவருப்பான்னு வூட்டுக்கு வந்து அழுதேன். 

இப்ப உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு இல்ல? எனக்கு நேத்துதான் புரிஞ்சிது. வலிப்பு வந்தா கையில இரும்பு குடுப்பாங்க. சின்ன வயசுலேருந்து பாத்ததுதான், பஸ் ஸ்டாண்டுல, சினிமா கொட்டாயில. ஆனா எனக்கு ஒருத்தங்க குடுக்கறப்போ அது தோணுமா? எனக்கு வலிப்பு இருந்தாத்தானே தோணும்! நீங்களும் வந்ததுலேருந்து பைக்குள்ள கைய வுட்டுக்கினே குந்தியிருக்கீங்க. சாவிதானே? வெளிய எடுத்து வெச்சிக்கோங்க, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. பொடவ பாக்க வரேன்னு சொல்லி அனுப்பினீங்க, அதுக்கு வரலன்னு எனக்குத் தெரியும். என்னப் பாக்க வந்தீங்க. பொண்ணோட அத்தைக்கு வலிப்பு, அது அந்த வம்சத்துல இருக்குது, பொண்ணுக்கு வந்தா இன்னா, பேரப் புள்ளைக்கு வந்தா இன்னான்னு முசரவாக்கத்துல உங்க சொந்தக்காரங்க சொல்லியிருக்காங்க. இருந்தாத்தான் இன்னாக்கா? மாத்தர போட்டுக்கினு எத்தினி பேரு குடும்பம் நடத்தறாங்க. ஆனா அது வேற பேச்சு.

நேத்து நாடகம் முடிஞ்சதும் அண்ணன் டிவிய அமுத்திட்டான். எட்டு மணி நாடகம் இருக்கறப்போ அவன் டிவிய அமுத்தி நான் பாத்ததே இல்ல. தேவகி, நாளைக்கு முத்துக்குமார் அம்மா வருவாங்க, நானும் அண்ணியும் வெளிய போயிடறோம், நீ தனியா இருந்து பேசினாத்தான் அவங்களுக்கு நம்பிக்க வரும்ன்றான். இன்னா நம்பிக்கைனேன். வலிப்பு கிலிப்புன்னு கேட்டாங்கன்னா, அது முன்ன இருந்துச்சு, வேலூர்ல வைத்தியம் பாத்தோம், இப்ப சுத்தமா இல்லன்னு சொல்லிடுன்றான். யாருக்கு வலிப்புன்னு கேட்டேன். அண்ணன் அண்ணியப் பாக்கறான். சங்கீதாவுக்கான்னு நான் பதறிட்டேன்கா. அப்பதான் அண்ணி தரையப் பாத்துக்கினு சொல்றாங்க, உனக்குத்தான்னு அப்ப அவங்ககிட்ட சொன்னதுன்னு.

சொன்னதாம். யாரு சொன்னது? எங்க அண்ணன். முசரவாக்கம் போயி, அந்தம்மா என் தாடையத் தடவினாங்களே, அவங்ககிட்ட, அம்மா, உங்கள ஏமாத்த மனசு வரல, என் தங்கச்சிக்கு காக்கா வலிப்புன்னு கண்ணத் தொடச்சிக்கினு சொல்லியிருக்கான். எவ்ளோ நல்ல மனுஷன்னு அவங்க டீ போட்டுக் குடுத்து அனுப்பியிருக்காங்க. ஏன்டான்னு கேட்டேன். அப்பா போயிட்டாரு, ஒரே தறி, கல்யாண சீசனு, நீ போயிட்டா கரைக்கு யாரு, அண்ணி கைப்புள்ளக்காரி, ஆள வெச்சா கூலி எங்க போறதுன்றான். ஒரு வருஷம் தள்ளிப் போடத்தான் சொன்னேன், வேற எடம் வரும்னு நெனச்சேன்ன்றான். வலிப்பு இன்னாடா, ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு வருமா? ஊருக்குள்ள வுட்ட பேச்ச சாயங்காலமானா கூப்ட்டு கட்டி வெக்கலாமா? வந்த எடமெல்லாம் அதக் கேட்டுட்டுத்தான் ஓடியிருக்குது. நான் இங்க மூஞ்சிக்கு மாவு தடவிக்கினு குந்தியிருக்கேன்.

அதோட வுட்டாங்களா? என் கண்ணு முன்னாடியே புருஷனும் பொண்டாட்டியும் சண்ட போட்டாங்க. இருந்து போயிடுச்சுன்னு சொன்னாத்தான் நம்புவாங்கன்னு அண்ணன். இருந்துச்சுன்னு சொன்னா பொண்ண எடுக்க மாட்டாங்க, இருந்ததே இல்லன்னு சொல்லட்டும்னு அண்ணி. அப்ப நான் பொய்யன்னு ஆவாதாடின்னு இவன். எனக்கு வலிப்பு வந்து போச்சா, வரவே இல்லயான்னு, தட்ட வெச்சிக்கினு, அபிநயாவுக்கு கலைவாணனா குமரகுருவான்னு கத்துவாங்களே, அதே கொரலுல. கடைசில வேலூருன்னு முடிவாச்சு. அண்ணன் என் கால்ல வுழுந்துட்டான். பொண்ணு வாழ்க்க உன் கையில இருக்குதுன்னான். இத்தினி வருஷம் என் கையில நாடா மட்டும்தான் இருந்துச்சு, திடீர்னு ஒரு வாழ்க்கயே இருக்குதாம். 

போறப்போ சொல்லிட்டுப் போனான், சாதாரணமா இருக்கற மாதிரி பேசிக்கினு இரு, நாடகத்தப் பத்திப் பேசு, அதுதான் உனக்கு நல்லா வரும்னு. அதான்கா பேசினேன். நல்லா பேசினேனா? சாதாரணமா இருந்துச்சா?

எனக்கு வலிப்பு இல்ல. ஒரு நாளும் இருந்தது இல்ல. வேலூரு நான் பாத்ததே இல்ல. சங்கீதாவுக்கு ஒரு நோவும் இல்ல, அது தங்கமான பொண்ணு, உங்க பையன் மேல உசுரையே வெச்சிருக்குது. அது இதுல ஒண்ணையும் அறியாது. அத்தைக்கு வலிப்புன்னு அந்தப் பொண்ண நீங்க வேணாம்னு சொல்லக் கூடாது. பொய் சொன்னவன் பொண்ணுன்னு வேணாம்னா, அது உங்க இஷ்டம், நான் தடுக்க முடியாது. ராத்திரி பூரா இதத்தான் நெனச்சிக்கினு கெடந்தேன். அரைப் பொய்ய சொன்னா இந்தக் கல்யாணம் நடக்குமோ என்னமோ. ஆனா அத என் வாயால சொல்லிட்டேன்னா, அவன் அன்னிக்கி சொன்னது நெசமாயிடும். நான் வலிப்புக்காரியாவே செத்துப் போவேன். என்னால முடியாதுக்கா. அந்தப் பொண்ணுக்காகக் கூட முடியல.

சிவராஜ் மேலயும் எனக்கு கோவம்தான். நான் இல்லன்னு சொல்லல. முசரவாக்கம் இன்னா அமெரிக்காவா? சைக்கிள மிதிச்சிக்கினு வந்து, இந்த மாதிரி உங்க அண்ணன் சொல்றாரு, நெசமான்னு என்னக் கேட்டிருக்கலாம். கை வலிக்காதான்னு கேட்ட ஆளுக்கு இது கேக்கத் தெரியலயே. வந்தவங்க அத்தினி பேரும் அண்ணனத்தான் கேட்டாங்க. 

இருங்க, ஏன் எந்திரிக்கறீங்க? வண்டி சத்தம் கேக்குது, அவங்கதான். வரட்டும், நீங்க குந்துங்க. அண்ணன் உள்ள வந்ததும் கை கால் கழுவிட்டு உங்க எதிர்ல குந்துவான், சிரிப்பான். அவன் குந்தினதும் கேளுங்க. தேவகி, உனக்கு வலிப்பு உண்டான்னு சத்தமாக் கேளுங்க. அவன் மூஞ்சியப் பாக்காதீங்கக்கா. என்னப் பாத்துக் கேளுங்க.